மூன்று தலைமுறைக்கு ஆதாரம் கேட்கிறார்கள்

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, எங்கள் ஊர்ப்பக்கம் பலருக்கு வாழ்க்கையில் முதன்முறையாகக் குடும்ப வரலாறு தேட வேண்டி வந்தது. 2002, 2005 ஆண்டுகளின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் அப்பா, அம்மா பெயராவது இருக்கிறதா? எந்தத் தொகுதி, எந்தப் பாகம், எந்த வரிசை எண்? மாரண்டஹள்ளியிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் கட்டட வேலைக்குப் போய், வருஷத்தில் பாதி நாள் அங்கேயே தங்கிவிடும் குடும்பங்களுக்கு இது சின்ன வேலை அல்ல. ஒரே மனிதருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பழைய பட்டியலில் வேறொரு பெயர். பிறந்த தேதி மட்டும் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றுதான்: ஜனவரி 1.

இதை நடைமுறைச் சிக்கல் என்று கடந்துவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. இருநூறு ஆண்டுகளாக நம் பெயரை எழுதாமல் விட்ட அரசு, இன்று நம்மிடம் எழுத்தில் ஆதாரம் கேட்கிறது. வாக்குரிமைக்கு, சாதிச் சான்றிதழுக்கு, பட்டாவுக்கு என்று எங்கே போனாலும் 'உன் தாத்தா யார், நிரூபி' என்பதுதான் கேள்வி. நிரூபிக்கத் தேவையான காகிதம் யார் வீட்டில், யார் கையெழுத்தில் இருந்தது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

பாராமகால் பகுதியின் நிலப் பதிவுகளைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்காக ஆவணக் காப்பகத்துக்குப் போன நாட்களில், பக்கவாட்டில் என் சொந்தக் குடும்பத்தையும் தேடிக்கொண்டிருந்தேன். நாங்கள் ஆதிதிராவிடர்கள். அப்பா வழியில் நான்கு தலைமுறையாக மாரண்டஹள்ளியைச் சுற்றியே பண்ணையாட்கள். காப்பகத்தில் என் ஊரின் மண் கிடைத்தது, ஏரி கிடைத்தது, தீர்வை கிடைத்தது. என் ஆட்கள் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்பதற்குக் காரணம் பழையது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கே வயல் வயலாக அளந்து தீர்வை விதித்தார்கள். பின்னாளில் சென்னை மாகாணமெங்கும் பரவிய ரயத்துவாரி முறை முளைத்தது எங்கள் மண்ணில்தான். அரசுக்கும் உழவருக்கும் நேரடி உறவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பதிவேட்டைப் பொறுத்தவரை உழவர் என்றால் ஏர் பிடித்தவர் அல்ல, தீர்வை கட்டியவர். எத்தனை தலைமுறை அந்தச் சேற்றில் இறங்கியிருந்தாலும் பண்ணையாளுக்கு அதில் கட்டம் கிடையாது.

நூறு ஆண்டு கழித்து எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார் (1909). மனிதர்களை நிறுத்திவைத்து மூக்கின் நீள அகலத்தை அளந்தவர் அவர். மூக்குக்கு அளவு இருக்கிறது, மூக்குக்காரருக்குப் பெயர் இல்லை. சேலம் மாவட்டத்தைப் பற்றிய லெ ஃபானுவின் 1883ஆம் ஆண்டுக் கையேட்டிலும், ரிச்சர்ட்ஸின் 1918ஆம் ஆண்டு கெஜட்டியரிலும் நாம் ஒரு சாதியாக வருகிறோம். ஆளாக வருவதில்லை.

ஆளாக வருவது எங்கே தெரியுமா? கப்பலில்.

1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' தொடங்கி 1911 வரை, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு ஏற்றப்பட்டார்கள். சென்னையிலிருந்து போன கப்பல்களில் சேலம் ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு என எல்லாம் எழுதப்பட்டது. அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்று கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனம் பாதுகாக்கும் குடியேற்றப் பதிவுகளில் புகைப்படங்கள்கூட உண்டு. டர்பனில் பிறந்த ஒரு பெண் தன் கொள்ளுத்தாத்தாவின் கிராமத்தைத் தேடி எங்கள் மாவட்டத்துக்கு வர முடியும். அதே கிராமத்தில் இருக்கிற எனக்கு, கப்பல் ஏறாமல் இங்கேயே தங்கிவிட்ட அவருடைய தம்பியின் பெயர் கிடைக்காது. ஏற்றி அனுப்பும் சரக்குக்குக் கணக்கு வேண்டும் என்பதால் எழுதினார்கள். ஊரில் கிடந்தவர்களுக்கு அந்தத் தேவைகூட இல்லை.

தாது வருஷப் பஞ்சத்தில் செத்தவர்களுக்கும் அதே கதைதான். 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஏறக்குறைய 19.7 லட்சம் பேர் இருந்தார்கள். 1881இல் சுமார் 16 லட்சம். நடுவில் 1876–78 பஞ்சம். செத்தவர்கள், ஓடிப்போனவர்கள், கப்பல் ஏறியவர்கள் எல்லாம் சேர்ந்து அந்த மூன்றரை லட்சத்துக்கும் மேல். ஒரு பெயர் தெரியாது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் குடும்ப வரலாறு தேடும்போது 1870 என்ற சுவரில் முட்டிக்கொள்வதாகச் சொல்வார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணைகளில் எசமானின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும்தான் இருக்கும். விடுதலைக்குப் பிறகு 1870 கணக்கெடுப்பில்தான் அவர்கள் பெயரோடு வருகிறார்கள். அங்கே 72 ஆண்டுகள் கழிந்ததும் பழைய கணக்கெடுப்புப் படிவங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுகிறார்கள். இங்கே 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி கணக்கெடுப்புப் படிவங்களை யாரும் பார்க்க முடியாது. நமக்கு முட்டிக்கொள்ள ஒரு சுவர்கூட இல்லை, வெறும் பொட்டல்.

சரி, உறவுகளிடம் போனேன். எங்கள் ஆயாவிடம் எந்த வருஷம் பிறந்தாய் என்று கேட்டால் சிரிக்கும். வேறு விதமாகக் கேட்கக் கற்றுக்கொண்டேன். "சின்ன ரயிலைப் பேத்து எடுத்துக்கிட்டுப் போனாங்களே, அப்ப நான் கைக்கொழந்தைன்னு எங்கம்மா சொல்லும்" என்றது ஒருநாள். மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரை ஒரு குறுகிய ரயில்பாதை இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல் அதை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ஆக, ஆயா பிறந்தது 1940 வாக்கில். ஆதாரில் இருக்கும் ஜனவரி 1க்கும் அதற்கும் சில வருஷம் வித்தியாசம். எது ஆவணம், எது வாய்ப்பேச்சு என்று நீங்களே சொல்லுங்கள்.

பெயர்களும் அப்படித்தான். எங்கள் பக்கம் குப்பன், குப்பம்மா, பிச்சை என்று ஒரு பெயர் வந்தால், அதற்கு முன்னால் பிறந்த குழந்தைகள் தக்கவில்லை என்று பெரும்பாலும் பொருள். சாவுக்கு வேண்டாத பெயராகப் பார்த்து வைத்தார்கள். குப்பைமேட்டில் போட்டு எடுத்ததும் உண்டு. ஒரு குடும்பத்தின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தாலே எந்தக் காலத்தில் அங்கே குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன என்று தெரியும். இதை 'இழிபெயர்' என்று சொல்லி மாற்றிக்கொண்ட தலைமுறையின் மீது எனக்கு மரியாதை உண்டு, அவர்கள் மாற்றியது சரி. ஆனால் மாற்றுவதற்கு முன் இருந்த பெயரையும் எங்கேயாவது குறித்து வையுங்கள்.

பெண்களின் பக்கம் போனால் இன்னும் கடினம். காகிதத்தில் 'த/பெ' என்றும் 'க/பெ' என்றும் இரண்டு கட்டங்கள் உண்டு, தாயின் பெயருக்கு வெகுகாலம் ஒன்றும் இல்லை. ஆண்கள் சொன்ன வம்சாவளியில் என் குடும்பம் நான்கு பெயரில் முடிந்துவிட்டது. ஆயாவும் அத்தைகளும் சொல்லத் தொடங்கியபோது அது ராயக்கோட்டை, பென்னாகரம், கோலார் தங்கவயல் என்று கிளை விட்டது. யாரை எந்த ஊரில் கொடுத்தார்கள், யார் திரும்பி வந்துவிட்டாள், யாருக்கு எந்தப் பண்ணையில் என்ன நடந்தது என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருந்தது. கடைசியாகச் சொன்னது சத்தமாகச் சொல்லப்படுவதில்லை. நானும் அதை இங்கே எழுதப்போவதில்லை. குடும்ப வரலாறு தேடும் தோழர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: சில மௌனங்கள் மறதியால் வந்தவை அல்ல, உயிரோடு இருப்பதற்காகக் கட்டிக்கொண்டவை. ஒலிப்பதிவுக் கருவியை நீட்டி அதைப் பிடுங்க நமக்கு உரிமை இல்லை.

இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். வேர் தேடும் பொழுதுபோக்கு என்றால் நான் இதில் இறங்கியிருக்க மாட்டேன். காரணம் நிலம்.

செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010 எண் அரசாணை ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வழி செய்தது. பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். பத்தாண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் கைமாற்றலாம். 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டது என்று இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. அந்த நிலத்தைக் கேட்டு 1994 அக்டோபரில் காரணைப் போராட்டத்தையொட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்தார்கள்.

இந்த நிலத்தைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் இரண்டை நிரூபிக்க வேண்டும். இந்தச் சர்வே எண் பஞ்சமி நிலம்தான் என்பது ஒன்று. இதைப் பெற்றவரின் வாரிசு நான் என்பது இன்னொன்று. முதலாவதற்கு, 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பணிக்கு முந்தைய 'அ' பதிவேடு வேண்டும். ஏனென்றால் யு.டி.ஆரில் அனுபவத்தில் இருந்தவர் பெயருக்குப் பட்டா மாறியபோது, பல இடங்களில் குறிப்புக் கலத்தில் இருந்த 'டி.சி.', 'நிபந்தனை' என்ற சொற்கள் காணாமல் போயின. இரண்டாவதற்குக் குடும்ப வரலாறு வேண்டும். நிலம் பறிபோனதும் வம்சாவளி அறுந்துபோனதும் இரண்டு தனித்தனிக் கதைகள் அல்ல.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு தீர்வை ரசீது இருக்கிறது. ஐம்பதுகளில் எழுதியது, தாத்தாவின் பெரியப்பா பெயரில். ஓரம் கறையான் தின்றது போக சர்வே எண் தெரிகிறது. அந்த எண்ணுக்கு இன்று பட்டா யார் பெயரில் என்று கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம், பார்த்தேன். எங்கள் பெயர் இல்லை, எங்கள் சாதியும் இல்லை. யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு அலுவலகத்துக்கு மனு போட்டேன். 'கோப்பு கிடைக்கப்பெறவில்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கோப்பு எப்போது, யார் பொறுப்பில் தொலைந்தது என்று இரண்டாவது மனு போட்டேன். அதற்கும் அதே வரி.

1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழிக்கும் வரை கர்ணம், முன்சீப் பதவிகள் வழிவழியாகச் சில குடும்பங்களின் கையில் இருந்தன. ஊர்க் கணக்கு கர்ணத்தின் வீட்டில் இருக்கும். பிறப்பு இறப்பை முன்சீப் எழுதுவார். சேரிக்காரர் அந்தத் திண்ணைக்குக் கீழே நின்றுதான் தன் குழந்தையின் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் காதில் விழுந்தபடி, அவருக்குப் பிடித்தபடி எழுதிக்கொள்வார். 'ன்' விகுதியோடு, பெயருக்குப் பின்னால் சாதியோடு. அந்த எழுத்துப்பிழையைத்தான் இன்று நம்மிடம் பிரமாணப் பத்திரம் கேட்டுத் திருத்தச் சொல்கிறார்கள்.

தகரப் பெட்டியைப் பற்றி இன்னொன்று. 2012 நவம்பர் 7 அன்று எங்கள் மாவட்டத்தின் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டியில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். ஒரு தலித் இளைஞனும் வன்னியப் பெண்ணும் திருமணம் செய்துகொண்டதுதான் காரணம் என்றார்கள். நகை போனது, பணம் போனது, வண்டிகள் எரிந்தன என்று பத்திரிகைகள் எழுதின. கூடவே மாற்றுச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் வீட்டுப் பத்திரமும் எரிந்தன. அரசு தராததை ஒவ்வொரு தாளாகச் சேர்த்து வைத்திருந்த குடும்பங்களின் காப்பகம் அது. ஒரு காப்பகத்தைக் கொளுத்திய குற்றமாக அதை யாரும் பேசவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் போன உறவுகளின் கதை வேறு மாதிரி. பாராமகாலிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் நம் ஆட்கள் 1880களிலேயே கோலார் சுரங்கங்களுக்குப் போனார்கள். பிறகு பெங்களூருவுக்கு. கர்நாடகத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டால், குடியரசுத் தலைவரின் ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே உங்கள் குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்பார்கள். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதி இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொல்லிவிட்டது. தீண்டாமை மட்டும் எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்காமல் கூடவே போகும். பெங்களூருவில் இருக்கும் என் அத்தை மகளுக்குச் சான்றிதழ் வேண்டி, அவளுடைய தாத்தா 1950க்கு முன் எங்கே கூலி வேலை செய்தார் என்று நாங்கள் தேடினோம். கூலிக்காரருக்கு வாடகை ரசீது ஏது? கிடைக்கவில்லை. அவள் பொதுப்பிரிவில் படித்தாள்.

இனி, கொஞ்சம் நம் பக்கத்தையும் பேச வேண்டும். வம்சாவளி தேடுகிறேன் என்றதும் என் உறவுக்காரப் பெரியவர் ஒருவர், நாமும் ஒரு காலத்தில் ஆண்டவர்கள்தான், அதை எழுது என்றார். ஆண்ட பரம்பரைக் கதை இன்று எல்லாச் சாதிச் சங்கங்களின் மேடையிலும் விற்கிறது. நமக்கு அது வேண்டாம். எல்லோரும் ஆண்டிருந்தால் சேற்றில் நின்றது யார்? அயோத்திதாசர் தன் தாத்தாவைப் பற்றி எழுதியதைப் பாருங்கள். ஒரு வெள்ளைக்கார துரையிடம் பட்லராக இருந்த கந்தப்பன் திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸிடம் கிடைக்கச் செய்தார் என்று பதிவு செய்கிறார். தாத்தாவுக்கு அவர் கிரீடம் வைக்கவில்லை. படிப்பும் ஏடும் எங்கள் வீட்டில் இருந்தன என்று காட்டினார். இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்க'மும் மெலிந்த ஒரு சிறு நூல்தான்.

இன்னொன்று, பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டால் நமக்குப் பிடிக்காததும் வரும். எங்கள் தெருக் கிணற்றில் அருந்ததியர்களை இறைக்க விடவில்லை என்பது ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்லும்போது அதன் குரலில் ஒரு வருத்தமும் இல்லை, ஊர் வழக்கத்தைச் சொல்வதுபோலச் சொன்னது. 2009இல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மில் சிலர் கிளப்பிய கூச்சலுக்கும் அந்தக் கிணற்றுக்கும் சம்பந்தம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. குடும்ப வரலாறு என்றால் அதுவும் அதில் இருக்க வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் தெளிவாகவே இருக்கிறது. இன்றைய பட்டாவை இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதே இடத்தில் யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டையும், செட்டில்மென்ட் பதிவேட்டையும், நிபந்தனை ஒப்படைப்புப் பதிவுகளையும் கிராமவாரியாக ஏற்ற வேண்டும். தொலைந்துபோன கோப்பின் சுமையை மனுதாரர் தலையில் கட்டக் கூடாது. அரசின் பதிவேடு காணவில்லை என்றால் ஐம்பதுகளின் தீர்வை ரசீது செல்லும் என்று ஏற்க வேண்டும். வாய்மொழி செல்லாது என்பதும் சட்டம் அல்ல, அலுவலகப் பழக்கம். உறவுமுறை பற்றி இறந்தவர் சொல்லிவைத்த சொல்லும், குடும்பத்தை அறிந்தவரின் கருத்தும் ஏற்கத்தக்கவை என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே 32, 50 பிரிவுகளில் சொன்னது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவை இருக்கின்றன. நீதிமன்றம் கேட்கத் தயாராக இருக்கும் ஆயாவின் பேச்சை வட்டாட்சியர் அலுவலகக் கவுண்டர் ஏன் கேட்க மறுக்கிறது?

அதற்குள் நம்மால் முடிந்ததைச் செய்யலாம். ஊரில் எண்பதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். போய் உட்காரும்போது முதலில் பெயர் கேட்காதீர்கள், எந்தப் பண்ணையில் என்ன வேலை, எவ்வளவு படி கூலி என்று கேளுங்கள், பெயர்கள் தானாக வரும். வீட்டில் இருக்கும் தீர்வை ரசீது, புரோநோட்டு, பழைய ரேஷன் கார்டு எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். ஏன் ஊருக்கு வெளியே என்று நத்தம் காலனிக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

என் மனுவுக்கு மேல்முறையீடு போட்டிருக்கிறேன். அதனோடு ஆயா சொன்னதைத் தாளில் எழுதி, அதன் கைநாட்டையும் வாங்கி இணைத்திருக்கிறேன். வயது என்ற இடத்தில், சின்ன ரயிலை எடுத்த வருஷத்தில் கைக்குழந்தை என்றே எழுதினேன்.